காற்று நிற்காத கைத்தெளிப்பான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மாடித் தோட்டத்தில் செம்பருத்தியிலும் கத்தரியிலும் மாவுப்பூச்சி பெருகியதால், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதற்காக இரண்டு லிட்டர் பிடிக்கும் பம்ப் ஸ்பிரேயர் ஒன்றை இணையக் கடையில் வாங்கினேன். முதல் சில முறை நன்றாகவே தெளித்தது. இப்போது எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்பதில்லை. மூடியின் ஓரத்தில் நுரை கசிகிறது, அடித்துவிட்டுக் கையை எடுத்தால் கைப்பிடி தானாக மேலே எழும்புகிறது, விசையை விட்ட பிறகும் நாசிலிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. விற்றவரைக் கேட்டால், "எண்ணெய் ஊற்றியதால்தான் கெட்டுப்போயிற்று" என்று சொல்லிவிட்டார். தவறு என் மீதா, பொருளின் மீதா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: பொருளின் மீதுதான். தோட்டத்துக்கு என்று சொல்லி விற்கப்படும் தெளிப்பானில் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் ஊற்றப்படும் என்பது செய்தவருக்கும் விற்றவருக்கும் தெரியாததல்ல. பெட்டியின் மேல் பூச்சி விழுந்த இலையின் படத்தை அச்சிட்டுவிட்டு, உள்ளே எண்ணெய் தாங்காத ரப்பரை வைத்து அனுப்புவது வாங்குபவரை ஏமாற்றும் செயல். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளும் வெவ்வேறு இடங்களில் உள்ள குறைகளைக் காட்டுவதால், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தக் கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் போல, மூடியில் பொருத்தப்பட்டிருக்கும் உருளைக்குள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்கி, வெளிக்காற்றை டப்பாவுக்குள் தள்ளுகிறது. உருளையின் அடிமுனையில் இருக்கும் சிறிய ரப்பர் வால்வு, உள்ளே போன காற்று திரும்பி வராமல் தடுக்கிறது. அப்படி அடைபட்ட காற்று கரைசலின் மேல் அழுத்த, கரைசல் அடிவரை நீளும் குழாயின் வழியே ஏறி, விசையைத் திறந்ததும் நாசிலில் பாய்கிறது. ஆகவே அழுத்தம் நிற்பதும் நிற்காததும் நான்கைந்து சிறு ரப்பர்த் துண்டுகளின் கையில் இருக்கிறது. மொத்த விலையில் அவற்றின் பங்கு மிகக் குறைவு என்றாலும், மலிவாகத் தயாரிப்பவர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

கைப்பிடி தானாக எழும்புகிறதென்றால், உருளையின் அடியில் உள்ள அந்த ரப்பர் வால்வு மூடவில்லை என்று பொருள். டப்பாவுக்குள் இருக்கும் அழுத்தம் அதன் வழியே திரும்பி வந்து பிஸ்டனை மேலே தள்ளுகிறது. சில நாட்களில் கரைசலும் உருளைக்குள் புகுந்து, கைப்பிடியைச் சுற்றிக் கசியத் தொடங்கும். பம்பைக் கழற்றி அடிமுனையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பர் விளிம்பில் மண்ணோ, உறைந்த எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டியிருந்தால் வெந்நீரில் கழுவினாலே சரியாகிவிடும். ரப்பர் உப்பியோ, ஓரம் சுருண்டோ, விரலால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இளகியோ இருந்தால் அது எண்ணெயைத் தாங்காத வகை. இயற்கை ரப்பரும், ஈ.பி.டி.எம். என்ற வகையும் எண்ணெய் பட்டால் உப்பும். நைட்ரைல் என்ற வகை எண்ணெயைத் தாங்கும். விற்றவர் சொன்ன காரணத்தில் இவ்வளவு உண்மை இருக்கிறது. ஆனால் எந்த ரப்பரை வைப்பது என்று முடிவு செய்தவர் தயாரிப்பாளரே தவிர நீங்கள் அல்ல.

மூடியின் ஓரத்தில் நுரை கசிவதற்கு வாஷர் தேய்ந்தது மட்டுமே காரணமாக இருக்காது. வாஷரைக் கழற்றிவிட்டு, டப்பாவின் வாய் விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய மேடு ஒன்று நகத்தில் இடறும். நன்றாகத் தயாரிக்கப்பட்ட டப்பாவில் அந்த மேடு வாஷர் அமரும் பரப்பில் இருக்காது, அல்லது சீவி வழவழப்பாக்கப்பட்டிருக்கும். மலிவான தயாரிப்பில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். மேட்டின் இரு பக்கமும் வாஷர் படியாத நுண்ணிய இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடைவெளி மூடாது. கூடுதலாக இறுக்கினால் மரைதான் வழுக்கும். பலரும் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிப் பார்க்கிறார்கள். காற்றை நிறுத்துவது வாஷரே தவிர மரை அல்ல என்பதால் அதனால் பயனில்லை. மிக நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விளிம்பு முழுவதும் ஒரே சமமாகத் தேய்த்தால் மேடு குறையும். ஆனால் பொருளைத் திருப்பித் தரும் எண்ணம் இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். உள்ள நிலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாசிலில் சொட்டுவது விசையின் உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையோ, சுருள்வில்லையோ சார்ந்தது. அந்தச் சுருள்வில் துருப்பிடிக்காத எஃகால் ஆனதாக இருக்க வேண்டும். சாதாரணக் கம்பியைச் சுற்றி மேலே பளபளப்பான பூச்சு கொடுத்திருந்தால், சோப்பும், மீன் கழிவை வெல்லத்துடன் ஊற வைத்து எடுக்கும் மீன் அமிலமும் பட்டுத் துருவேறி, வில் தளர்ந்துவிடும். வால்வு முழுவதுமாக மூடாமல் சொட்டத் தொடங்குவது அதன் பிறகுதான். சொட்டும் நீரில் பழுப்பு நிறம் தெரிகிறதா என்று ஒரு வெள்ளைத் துணியில் வாங்கிப் பாருங்கள்.

எங்கே கசிகிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், டப்பாவில் பாதியளவு வெறும் தண்ணீர் ஊற்றிக் காற்றடித்துவிட்டு, மூடியின் ஓரம், மிகுதிக் காற்றை வெளியேற்ற மூடிக்கு அருகே இருக்கும் அழுத்தம் விடும் வால்வு, விசையின் இணைப்பு ஆகிய இடங்களில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி விடும் இடம்தான் கசியும் இடம். இதைக் கைப்பேசியில் ஒரு சிறு காணொளியாக எடுத்து வைத்துக்கொண்டால், விற்றவரிடம் பேசும்போது அதைவிட வலுவான சான்று வேறு வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் குறை என்று எண்ண வேண்டாம். தெளிக்கத் தெளிக்க அழுத்தம் இறங்குவது இந்த வகைக் கருவியின் இயல்பு. இரண்டு லிட்டர் டப்பாவில் ஒன்றரை லிட்டர் கரைசல் இருந்தால், காற்றுக்கு அரை லிட்டர் இடம்தான் கிடைக்கிறது. அந்தக் காற்றின் அழுத்தத்தை வெளிக்காற்றைப் போல மூன்று மடங்காக ஏற்றியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரை லிட்டர் தெளித்து முடித்ததும் காற்றுக்குரிய இடம் ஒரு லிட்டராகிவிடுவதால், அழுத்தம் பாதியாக, அதாவது ஒன்றரை மடங்காகக் குறைந்துவிடும். வெளிக்காற்றைக் கழித்துப் பார்த்தால் எஞ்சுவது தொடக்கத்தில் இருந்ததில் கால் பங்குதான். அதனால்தான் இடையிடையே மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கிறது. வாய் வரை நிரப்பினால் இந்தச் சிரமம் இன்னும் கூடும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாமல் இருப்பதே நல்லது. தெளிக்காமல் சும்மா வைத்திருக்கும்போதே அழுத்தம் இறங்கினால் மட்டும் அதைக் கசிவு என்று கொள்ளுங்கள்.

உங்கள் கருவியைச் சரிசெய்ய முடியுமா என்றால், ஓ-ரிங்குகளைப் பொறுத்தவரை முடியும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு மோட்டார் பம்ப் பழுதுபார்க்கும் கடைக்கோ, பேரிங், ஆயில் சீல் விற்கும் கடைக்கோ போய், அதே உள்விட்டமும் அதே தடிமனும் உள்ள நைட்ரைல் வளையம் வேண்டும் என்று கேளுங்கள். பொருத்தும்போது சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது; அது சில வகை ரப்பரை உப்ப வைப்பதோடு, நாளடைவில் சிக்குப் பிடித்து ஒட்டவும் செய்யும் என்பதால் தவிர்த்துவிடுங்கள். அடி வால்வு மட்டும் அந்தந்தத் தயாரிப்புக்கென்று தனி வடிவில் இருக்கும். அது தனியாகக் கிடைக்கவில்லையென்றால் கருவி முழுவதுமே வீண்தான். சில ரூபாய் பெறும் ரப்பர் துண்டு கிடைக்காததால் ஒரு டப்பாவும் பம்பும் குப்பைக்குப் போகின்றன என்பதுதான் இந்த வணிகத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

கேள்வி: பஞ்சகவ்யமும் ஐந்திலைக் கரைசலும் தெளிக்கிறேன். ஐந்து லிட்டர் தோள் தெளிப்பானில் கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை நாசில் அடைத்துக்கொள்கிறது. ஊசியால் குத்திக் குத்தி இப்போது பூந்தூறலாக விழாமல் தாரையாகப் பீய்ச்சுகிறது. இதுவும் மோசமான தயாரிப்புதானா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இதில் தயாரிப்பின் பங்கு பாதி, கரைசலின் பங்கு பாதி. பஞ்சகவ்யத்தில் சாணத்தின் நாரும் வாழைப்பழச் சக்கையும் நெய்யும் இருக்கின்றன. நாரையும் சக்கையையும் துணியில் வடித்துவிடலாம். நெய் துணியைத் தாண்டிப் போய் வடிகட்டியின் கண்களில் படலமாகப் படியும். பருத்தி வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, அரை மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே மிதக்கும் நெய்ப் படலத்தை அகற்றிவிட்டுத் தெளிவை மட்டும் எடுத்தால் தொல்லை பெருமளவு குறையும். தெளிப்புக்குப் பஞ்சகவ்யம் 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி என்பதே வழக்கமான பரிந்துரை. கெட்டியாகக் கலப்பதால் செடிக்குக் கூடுதல் நன்மை இல்லை, நாசில்தான் அடைக்கும். கைத்தெளிப்பானுக்குத் துளை சற்றே பெரிய நாசிலைப் பொருத்திக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெய் தெளிப்பவர்கள், மார்கழி, தை மாதக் குளிரில் அது உறைந்து கட்டியாகும் என்பதை நினைவில் வைத்து, முதலில் வெதுவெதுப்பான நீரில் காதி சோப்புடன் கலக்கிப் பால் போல ஆனபின் மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும்.

ஊசியால் குத்தியதுதான் தாரையாகப் பீய்ச்சக் காரணம். நாசிலுக்குள் கரைசலைச் சுழலச் செய்யும் சிறிய வட்டு இருக்கிறது. சுழன்றபடியே வட்டமான, கூர்மையான விளிம்புள்ள துளையைத் தாண்டும்போதுதான் அது கூம்பாக விரிந்து துளிகளாகச் சிதறும். துளையின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்தக் கூம்பு உடைந்துவிடும். பிளாஸ்டிக் நாசிலில் ஊசி பட்டாலே கீறல் விழும். பழைய பல் துலக்கியால் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுவதே சரியான முறை. வாயில் வைத்து ஊதுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். இயற்கைக் கரைசல்தானே என்று தொடங்கும் பழக்கம், ஒரு நாள் இரசாயன மருந்து தெளிக்கும்போதும் தொடரும்.

தயாரிப்பின் பங்கு என்று சொன்னது வடிகட்டியைப் பற்றி. நல்ல தெளிப்பானில் ஊற்றும் வாயில் ஒன்றும், விசையின் கைப்பிடிக்குள் ஒன்றுமாக இரண்டு சல்லடைகள் இருக்கும். துகள்கள் நாசிலுக்குப் போகும் முன்பே அங்கே தடுக்கப்படும், கழற்றிக் கழுவவும் முடியும். உங்களுடையதில் கைப்பிடியைத் திருகிப் பாருங்கள். உள்ளே சல்லடையே இல்லாமல் வெறும் குழாயாக இருந்தால், அது செலவை மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிடப்பட்டது. "பித்தளை நாசில்" என்று விளம்பரப்படுத்தப்பட்ட சிலவற்றில் பிளாஸ்டிக்கின் மேல் பொன்னிறப் பூச்சு மட்டுமே இருப்பதையும் காண்கிறோம். உட்புறத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டினால் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக நுகர்வோர் ஆணையம் வரை போக முடியுமா? ரசீதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருக்கிறார்கள்.
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: போக முடியும், ஆனால் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி, குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதே தராமல் இருப்பதும் அப்படித்தான். ஆகவே அந்த அச்சு வாசகத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள். நல்ல நிலையில் உள்ள பொருளை, மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பித் தருவது வேறு. காற்று நிற்காத தெளிப்பானைத் திருப்பித் தருவது வேறு. விற்பவர் உறுதி கூறிய தரத்தில் பொருள் இல்லாவிட்டால் அதுவும் சட்டத்தின் பார்வையில் குறைபாடே. பித்தளை என்று சொல்லிப் பூச்சு பூசிய பிளாஸ்டிக்கைக் கொடுத்தது இதில் அடங்கும்.

இணையத்தில் வாங்கியவர்களுக்கு 2020 இல் வந்த மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன. இணையக் கடை ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து அவருடைய விவரங்களை வெளியிட வேண்டும். அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஆகவே தொலைபேசியில் பேசி ஓய்ந்துவிடாமல், ரசீது, பொருளின் படம், சோப்பு நுரைக் காணொளி ஆகியவற்றுடன் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், நுகர்வோர் தொடர்பு விவரமும் அதில்தான் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லையென்றால் அதையே புகாரில் தனியாகக் குறிப்பிடலாம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஐ அழையுங்கள். தமிழிலும் பேசலாம். சிறு தொகைப் புகார்களுக்கு இதுவே ஏற்ற வழி என்பது என் கருத்து. அங்கும் தீரவில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; விற்றவரின் ஊருக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்தி வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதிடலாம், குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது.

கேள்வி: காற்றடித்து வெயிலில் வைத்திருந்த தெளிப்பானின் மூடியைத் திறந்தபோது, பம்பே பிய்த்துக்கொண்டு மேலே பறந்துவிட்டது. நல்ல வேளையாக முகத்தில் படவில்லை. இப்படி நடப்பது ஏன்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் தெளிப்பானில் அழுத்தம் விடும் வால்வு இல்லாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது இருந்தும் அடைத்திருக்க வேண்டும். மூடிக்கு அருகே இழுக்கவோ அழுத்தவோ கூடிய சிறிய குமிழ், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். அளவுக்கு மீறிக் காற்றடித்தால் அது தானாகவே திறந்து மிகுதியை வெளியே விடும். மூடியைத் திறக்கும் முன் நாமே இழுத்துக் காற்றை முழுவதுமாக வெளியேற்றவும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அந்தக் குமிழ் இல்லாத தெளிப்பானை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கவே கூடாது. வெயிலில் உள்ளிருக்கும் காற்று சூடாகி அழுத்தம் இன்னும் ஏறும். நாள்பட்ட வெயில் பிளாஸ்டிக்கையும் நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆழமில்லாத மரையும் சேர்ந்துகொண்டால் நீங்கள் எழுதியதுதான் நடக்கும். குமிழ் வேலை செய்யாத நிலையில் காற்றை வெளியேற்ற வேண்டுமானால், டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, நாசிலை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசையை அழுத்துங்கள். அப்போது குழாயின் முனை கரைசலுக்கு வெளியே காற்றில் நிற்பதால் காற்று மட்டுமே வெளியேறும். சீறல் முற்றிலும் நின்ற பிறகு, முகத்தை விலக்கிக்கொண்டு மூடியைத் திருகலாம்.

கேள்வி: புதிதாக வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கடைக்காரரிடம் விலையைக் கேட்கும் முன், "இதற்கு வாஷர் செட் தனியாகக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். நம் ஊர் உரக்கடைகளில் பல ஆண்டுகளாக விற்பனையாகும் முதுகுத் தெளிப்பான்களுக்கு பக்கெட் வாஷரும் (பிஸ்டனில் பொருந்தும் கிண்ண வடிவ வாஷர்), நாசிலும், விசையின் உள்பாகங்களும் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. விவசாயிகள் அவற்றை மாற்றி மாற்றிப் பல பருவங்கள் ஓட்டுகிறார்கள். மாடித் தோட்டத்துக்கு என்று இப்போது வரும் வண்ண வண்ணமான சிறு தெளிப்பான்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வாஷர்கூடத் தனியாகக் கிடைப்பதில்லை. உதிரி பாகம் தராத நிறுவனம், பொருள் பழுதாகும்போது மறுபடியும் புதிதாக வாங்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறது. ஆகவே முடிந்தவரை உரக்கடையிலோ வேளாண் கருவிக் கடையிலோ, கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

கையில் எடுத்ததும் மூடியைத் திறந்து மரையின் ஆழத்தையும், முன்பு சொன்ன வாய் விளிம்பையும் பாருங்கள். டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சுவர் எங்காவது மெலிந்து நிழல் மாறுகிறதா என்று தெரியும். அடி மூலைகளில்தான் பெரும்பாலும் மெலிவு இருக்கும். நாசிலை மேல்நோக்கித் திருப்பும் வசதி இருந்தால் நல்லது. வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன, டப்பாவைச் சாய்த்துத் தெளித்தால் குழாயின் முனை கரைசலை விட்டு விலகிக் காற்றைக் கக்கும். கைத்தெளிப்பான்களுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தரக் குறியீடுகள் இருப்பதால், சற்றே பெரியதாக வாங்குபவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்றும் கேட்கலாம். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீர் ஊற்றி, காற்றடித்து, ஓர் இரவு நிழலில் வைத்துப் பாருங்கள். காலையில் விசையை அழுத்தியதும் தூறல் விழ வேண்டும். இந்தச் சோதனையை ரசீது கைக்கு வந்த அன்றே செய்துவிடுவது அவசியம்.

கேள்வி: வீணாகிப்போன தெளிப்பானின் டப்பாவை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேப்பெண்ணெய், பஞ்சகவ்யம் போன்றவை மட்டும் ஊற்றியதாக இருந்தால், பம்பைக் கழற்றிவிட்டு, வேறு ஒரு மூடியில் நுண்ணிய துளைகள் இட்டு நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளிக்க வைத்துக்கொள்ளலாம். விசை, நாசில், சல்லடை ஆகியவற்றைக் கழுவி எடுத்து வையுங்கள். அதே மாதிரி இன்னொன்று பழுதானால் உதவும். இரசாயனப் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ ஒரு முறை ஊற்றியிருந்தாலும், அந்த டப்பாவை வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் ஓட்டையிட்டு, யாரும் எடுத்துத் தண்ணீர் பிடிக்க முடியாதபடி செய்தபின் அப்புறப்படுத்துங்கள்.